மாமியாரை ஒளித்த இடம்

மாமியார் மறுபடியும் தும்மினாள். தும்மிவிட்டுத் தலையை அப்படியும் இப்படியும் உதறினாள். அலகிலிருந்து தெறித்த நீர், அவளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கன்னத்தில் பட்டது. துடைத்துப் பார்த்தாள். வெறும் நீர் இல்லை, சிவப்பு கலந்திருந்தது.

"ரத்தமா?" என்றான் அவள் புருஷன் நெட்டையன்.

"ரத்தந்தான்."

"கத்தாத. அக்கா காதுல விழுந்துடப் போவுது."

"நானா கத்தறேன்? நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

மாமியார் என்பது ஒரு வாத்து. அந்த வீட்டில் நிஜமான மாமியார் இல்லை. நெட்டையனின் அம்மா அவன் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மருமகள் வைத்த தவிட்டை மோந்துகூடப் பார்க்காமல், அவளை ஏற இறங்கப் பார்த்து, குனிந்தால் கையைக் கொத்திய பெட்டை வாத்து ஒன்று இருந்தது. "அந்தக் குறைய நீ தீர்க்கிறியா?" என்று சொல்லி அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வருஷங்கள் போனபின் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போய்விட்டது. மந்தையில் மாமியார்தான் முன்னால் போவாள். கொட்டகைக் கதவைத் திறந்ததும் அவள் ஒரு குரல் கொடுப்பாள். அவள் திரும்பின பக்கம் மொத்த மந்தையும் திரும்பும். நெட்டையன் கையில் கோல் வைத்திருந்தான் என்றாலும், அது சும்மா பேருக்கு. மேய்த்தது மாமியார்தான்.

இப்போது அந்தக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் ஓட்டைத் துருத்தி ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவளைப் போலவே இன்னும் கொஞ்சம் வாத்துகள் தும்மின, தலையை உதறின, காலைத் தூக்கி அலகைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. இரண்டு கூடையில் அவற்றைப் பிடித்துப் போட்டு, மேலே சாக்கைக் கட்டியாகிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஏரிமேல் பனி இன்னும் கலையவில்லை.

"டாக்டரம்மா வர்றதுக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டு வந்துடணும்," என்றான்.

"அந்தக் கோரை மூலையிலயா?"

"வேற எங்க? தரையில ஒளிச்சா கத்தித் தொலைக்கும். தண்ணியில விட்டா வாத்து கத்தாது. ஜுரத்துக்கும் குளுகுளுன்னு இதமா இருக்கும்."

"நாலஞ்சு நாளா பகல் முழுக்க அங்கதான் கொண்டுபோய் விடறீங்க. எதுவும் தேறின மாதிரி தெரியலயே."

"தேறும்டி. அதுங்களுக்குத் தண்ணிதான் மருந்து. எங்கப்பா சொல்லுவாரு."

அப்பா என்ற சொல் வந்துவிட்டால் அவனிடம் பேசிப் பிரயோசனமில்லை.

அவன் சிறு பையனாக இருந்தபோது அவன் அப்பாவின் மந்தைக்கு ஜுரம் வந்தது. அரசாங்க ஆட்கள் வந்தார்கள். ஒரே நாளில் குழி வெட்டி, தும்மினதையும் தும்மாததையும் சேர்த்து அதில் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குப் பிறகு காலி கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்தே மிச்ச காலத்தைக் கழித்தார். சாகிறவரை முட்டை சாப்பிடவில்லை. இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே ஜுரம் என்று பேச்சு. ஏரியின் எதிர்க்கரையில் பெரிய வாத்துப் பட்டி வைத்திருக்கிறவர் பயந்துபோய், இந்தக் கரை வாத்துகள் தும்முகின்றன என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா இன்று காலை பார்க்க வருகிறாள். ஒரு வாத்து அவள் கண்ணெதிரே ரத்தம் தும்மினால் போதும், மந்தை முழுக்கக் குழிக்குள் போகும். அதைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு தொழில் தெரியாது.

கூடையைத் தூக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"மாமியார எங்கடா தூக்கிட்டுப் போறே, திருட்டுக் கழுதை?"

நாத்தனார் முட்டைக்கூடையோடு நின்றிருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். விடியுமுன் எழுந்து வைக்கோலைத் துழாவி முட்டை பொறுக்குவது அவள் வேலை. வாயும் அதே நேரத்துக்கு எழுந்துவிடும்.

"அக்கா, அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? வாத்து தும்மற சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கே மூக்கு அரிக்குது. போ, சீக்கிரம் விட்டுட்டு வா. கால்ல சேறு இல்லாம வா, பொய் சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லணும்."

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பெட்டி. தூக்கம் போதாத முகம். இந்த வாரம் முழுக்க அவள் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது பூட்ஸைப் பார்த்தாலே தெரிந்தது. நாத்தனார் டீ நீட்டினாள்.

"வேணாம்மா. கையக் கழுவாம எதையும் தொடறதில்ல. வாத்துங்கள காட்டுங்க."

கொட்டகைக்குள் குனிந்து போனாள். ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து டார்ச் அடித்து, இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பிடித்த பிடி நல்ல பிடி, வாத்துக்கு வலிக்காத பிடி. கெட்டிக்காரியிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"தும்மல் இருக்கா?"

"இல்லீங்க," என்றான் நெட்டையன்.

"தலைய உதறுதா? கண்ணு வீங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மூலையில் ஒரு வாத்து 'ப்ச்சூ' என்று தும்மியது.

"தவிடு மூக்குல ஏறிடுச்சு," என்றாள் நாத்தனார், கண் இமைக்காமல். "இது எப்பவும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரரு மாதிரி, மூக்கால தின்னும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த வாத்தைப் பிடித்து மூக்கைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லைபோல, கீழே விட்டாள்.

"ஏரியில செத்த பறவை ஏதாச்சும் பாத்தீங்களா? நாமக்கோழி, தாழைக்கோழி, குளிருக்கு வந்து எறங்குற காட்டு வாத்து, எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

"நாங்க எங்கீங்க ஏரிப்பக்கம் போறோம்!" என்றாள் நாத்தனார், பொய்யின் வேகத்தில்.

"வாத்து வச்சுக்கிட்டு ஏரிப்பக்கம் போகாதவங்கள இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் டாக்டரம்மா. "சரி, வெளிய விடுங்க. நடக்கறதப் பாக்கணும்."

நெட்டையன் கதவைத் திறந்தான். வாத்துகள் வாசல்வரை வந்தன. வந்து நின்றுவிட்டன. கழுத்தை நீட்டி ஒன்றையொன்று பார்த்தன. முன்னால் போக ஆள் இல்லை. பின்னால் இருந்தவை முட்டின, நடுவில் இருந்தவை மிதிபட்டன, ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. அவன் "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டான். கோலைத் தட்டினான். முன்வரிசை அப்படியே திரும்பி உள்ளே ஓடியது.

"ஏன் கெளம்ப மாட்டேங்குது?"

"புது ஆளப் பாத்து மெரளுதுங்க," என்றான். கழுத்தில் வேர்வை ஓடியது.

டாக்டரம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் பெண்டாட்டியைப் பார்த்தாள். பெண்டாட்டி பார்வையைத் தரைக்கு இறக்கினாள். தரையில் அவன் கால்கள். கழுவித்தான் வந்திருந்தான். ஆனால் குதிகாலுக்குமேல், முழங்காலுக்குப் பின்பக்கம், கோரை கிழித்த புதுக் கீறல்கள்.

"இங்க பாத்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் டாக்டரம்மா, பெட்டியை மூடிக்கொண்டே. "எதிர்க்கரைக்குப் போறேன். அங்க ஒரு ரெண்டு மணி நேரம் இருப்பேன். ஏதாச்சும் சொல்ல இருந்தா அதுக்குள்ள வந்து சொல்லுங்க. நானா கண்டுபிடிச்சா அது வேற மாதிரி போயிடும். புரியுதா?"

ஸ்கூட்டர் சத்தம் கரைமேல் ஏறி மறைந்தது. நெட்டையன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "போயிட்டாங்க," என்று சொல்லிச் சிரித்தான். அழுவதுபோலத்தான் இருந்தது அந்தச் சிரிப்பு. நாத்தனார் ஆறிப்போன டீயைத் தானே குடித்தாள்.

மருமகளுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. வேகவைத்த கிழங்கை மசித்து ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு கோரை மூலைக்கு நடந்தாள். மாமியார் நேற்றிலிருந்து எதுவும் தின்னவில்லை.

ஏரி அந்த வருஷம் வெகுவாக வற்றியிருந்தது. நடுவில் மட்டும் ஆழமான தண்ணீர். மேற்கு மூலையில், கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து, முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி, டீ டிகாஷன் நிறத்தில் கிடந்தது. காற்று உள்ளே வராது. அழுகின வாடை. அதற்குள்தான் நெட்டையன் குச்சி நட்டு, பழைய வலையைச் சுற்றி ஓர் அடைப்பு கட்டியிருந்தான். நல்ல மறைவு. கரையில் நின்று பார்த்தால் தெரியாது. வாத்து மேய்க்கிறவன் மூளைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் தோன்றாது.

போகிற வழியில் ஒரு நாமக்கோழி செத்துக் கிடந்தது. நேற்றும் ஒன்று கிடந்தது. காலால் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். இன்று ஏனோ நின்று பார்த்தாள். வெள்ளை நெற்றிக்குக் கீழே மூக்குத் துவாரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அடைப்புக்குள் வாத்துகள் சத்தமில்லாமல்தான் இருந்தன. நெட்டையன் சொன்னது சரி, தண்ணீரில் கத்தவில்லை. ஆனால் அது இதமாக இருக்கிற அமைதி இல்லை. வாயைப் பிளந்து, கழுத்தை வானத்துக்கு நீட்டி, மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. இளசு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. தொட்டாள். விறைத்திருந்தது. காலையில் கூடையில் அவளைக் கொத்தின வாத்து அது.

"அய்யோ," என்றாள்.

அப்போதுதான் வலைக்கு வெளியே, கோரையை ஒட்டி, அந்தக் காட்டு வாத்தைப் பார்த்தாள். ஊசிவால் வாத்து. மெல்லிய நீளக் கழுத்து, ஊசிபோல நீண்ட வால். எங்கிருந்தோ மலை தாண்டி வந்து இறங்குகிற ஜாதி. கரையில் ஆள் நிழல் தெரிந்தாலே கூட்டமாக எழும்பிப் போய்விடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கிடையாது. இது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் நகர்ந்தாள், அது நகரவில்லை. துண்டைப் போட்டுப் பிடித்தாள். ஒரு உதறல்கூட இல்லாமல் கைக்குள் வந்தது. காற்றைத் தூக்குகிற கனம்தான் இருந்தது.

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. மூடியிருந்தது இமை இல்லை. இமைக்குமேல் பாசி நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் நெருடினாள். அது சுருங்கியது.

கையை உதறப் போனவள், உதறாமல் பிடித்துக்கொண்டாள். வாத்தின் தலையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அலகின் நுனி தண்ணீரைத் தொட்டது. மூக்குத் துவாரத்துக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல, ஒரு நுனி எட்டிப்பார்த்தது. விரல் நீளத்துக்கு நீண்டது. தண்ணீரில் துழாவி அலைந்தது. அலகை வெளியே எடுத்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அட்டை.

அட்டை அவளுக்குப் புதிதல்ல. கணுக்காலில் ஏறும், பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் மூக்குக்குள் குடியிருக்கிற அட்டையை அவள் கண்டதில்லை. காட்டு வாத்தைத் துண்டில் சுற்றிக் கரையில் வைத்துவிட்டு, மாமியாரைத் தூக்கினாள். அலகைத் தண்ணீரில் வைத்தாள். காத்திருந்தாள். ஒரு துவாரத்திலிருந்து ஒன்று வந்தது. இன்னொரு துவாரத்திலிருந்து இரண்டு வந்தன.

கொட்டகையில் தும்மின வாத்தின் மூக்கில் டாக்டரம்மா ஏன் ஒன்றும் பார்க்கவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. காய்ந்த தரையில் அது வெளியே வராது. தண்ணீர் வேண்டும். தேங்கின, வெதுவெதுப்பான, இந்த மாதிரித் தண்ணீர்.

அடைப்புக்குள் தான் நின்ற தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். நாலஞ்சு நாளாக இதற்குள்தான் கொண்டுவந்து கட்டிப்போடுகிறார்கள். இளைப்பாறட்டும் என்று.

கையில் கூடை, கூடைக்குள் துண்டு சுற்றின காட்டு வாத்து. அவள் கரையேறி வருவதைப் பார்த்த நெட்டையன் வழியிலேயே மறித்துக்கொண்டான்.

"எங்க போறே?"

"எதிர்க்கரைக்கு. இது ஜுரம் இல்ல, அட்டை. மூக்குக்குள்ள அட்டை இருக்கு. நம்ம வாத்து எல்லாத்துக்கும் இருக்கு. டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

"அட்டைதான? நாமளே எடுத்துக்கலாம்."

"எப்படி எடுப்பீங்க? தொட்டா உள்ள ஓடுது. குச்சிய விட்டுக் குத்தினா வாத்துதான் சாவும். இளசு ஒண்ணு செத்தே போச்சு."

"செத்துச்சா?" அவன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு இறுகியது. "அவங்ககிட்ட போனா என்ன சொல்லுவே? காலையில பொய் சொன்னோம், ஒளிச்சு வச்சிருக்கோம்னா? அந்தம்மா என்ன பண்ணுவாங்க தெரியுமா? அட்டையாவது கிட்டையாவது, குழி தோண்டுன்னுவாங்க."

"தோண்டச் சொன்னா பாத்துக்கலாம்."

"நீ பாத்ததில்லடி! நான் பாத்திருக்கேன். உசுரோட போட்டாங்க. சுண்ணாம்புக்கு அடியிலேருந்து சத்தம் வந்துச்சு. கூடைய வை."

"வைக்க மாட்டேன்."

"வைடீங்கறேன்!"

கூடையின் காதைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. உள்ளே காட்டு வாத்து சீழ்க்கை மாதிரி மூச்சு இழுத்தது. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், அவன் அவள்மேல் கை வைத்ததில்லை. இப்போது அவன் மறுகை உயர்ந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்து அவனே திகைத்ததுபோல நின்றான்.

"யோவ்," என்றாள் அவள், தணிந்த குரலில். "அடிக்கிறதுன்னா அடிச்சிட்டுப் பேசு. ஆனா ஒண்ணு. அதுங்கள அந்தத் தண்ணியில கொண்டுபோய் விட்டது நீதான், கூட கூடை தூக்கினது நான்தான். நாம ஒளிச்ச எடத்துலதான் அது குடியிருக்கு. புரியுதா உனக்கு? குழியில போட ஆள் வரவேணாம். நாமளே போட்டுக்கிட்டு இருக்கோம்."

நாத்தனார் எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. கூடைக்குள் கையை விட்டு, காட்டு வாத்தின் தலையைத் திருப்பி, கண்ணில் ஒட்டியிருந்ததை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் சுளித்தது.

"வழிய விடுடா."

"அக்கா, அப்பாவுக்கு நடந்தது உனக்கு..."

"உன்னவிட நல்லாத் தெரியும். உனக்கு அப்ப மூக்கு ஒழுகிட்டிருந்துச்சு, நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். அதனாலதான் சொல்றேன், வழிய விடு." பிறகு அவளிடம், "நீ போம்மா. காலையில பொய் சொன்னது யாருன்னு கேட்டா, அந்த வாயாடின்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்."

கூடைக் காதைப் பிடித்திருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்க்கரைப் பட்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு பேசினில் தண்ணீரும் கல்லுப்பும் கரைக்கச் சொன்னாள். காட்டு வாத்தின் அலகை, கண்ணில் உப்பு படாமல், மூக்குவரை அமுக்கிப் பிடித்தாள். எடுத்தாள். மறுபடி அமுக்கினாள். உப்பு உறைத்ததும் அட்டை தானாக வெளியே தொங்கியது. நுனி இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல், அறுந்துவிடாமல் இழுத்தாள். கண்ணில் இருந்தவற்றை உப்பு நனைத்த பஞ்சால் எடுத்தாள். ரத்தம் குடித்துத் திராட்சைப்பழம் மாதிரி உருண்டிருந்தன.

"அட்டைதான்," என்றாள். "மூக்குல, தொண்டையில, கண்ணுல ஏறும். காட்டு வாத்து, நாமக்கோழி எல்லாத்தையும் புடிக்கும். தண்ணி வத்துன வருஷம் ஜாஸ்தி. ஒண்ணு ரெண்டுன்னா தாங்கும். நெறைய ஏறினா மூச்சு அடைச்சு செத்துடும்."

"அப்ப ஜுரம் இல்லீங்களா?"

"அட்டை இருக்குன்னு சொன்னேன். ஜுரம் இல்லன்னு நான் சொல்லல. ரெண்டும் சேந்து இருக்கலாம். சாம்பிள் எடுத்து அனுப்பணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு வாத்து கொட்டகைய விட்டு வெளிய போகக்கூடாது, ஒரு முட்டை விக்கக்கூடாது. ஜுரம்னு வந்துச்சுன்னா..." அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

காட்டு வாத்துக்கு மூச்சு வந்திருக்க வேண்டும். திடீரென்று டாக்டரம்மாவின் விரலை ஒரு கவ்வு கவ்விவிட்டு, இறக்கையை அடித்து எழும்பியது. தாழ்வாக, தள்ளாடிப் பறந்து, ஒரு வட்டம் போட்டு, அதே ஏரியில் தூரமாகப் போய் இறங்கியது.

"அங்கயே போவுது பாரு, அறிவுகெட்டது," என்றார் பட்டிக்காரர்.

"அதுக்கு வேற ஏரி யாரு வச்சிருக்கா?" என்றாள் டாக்டரம்மா, விரலைக் கழுவிக்கொண்டே.

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. கோரை மூலைக்கு அவர்கள் போனபோது வலை ஒரு பக்கம் சாய்ந்து, வாத்துகள் புதருக்குள் சிதறியிருந்தன. கண் தெரியாமல், ஆள் சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே நுழைந்தன. நெட்டையன் முழங்கால் புதையும் சேற்றில் இறங்கி, "ப்பா, ப்பா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். ஒன்றும் வரவில்லை. கோரையை விலக்கினால் பதுங்கின. வெளியே எடுக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் மூச்சு முட்டிவிடும்.

கிடைத்தது மாமியார் மட்டும். டாக்டரம்மா கரையில் குந்தி அவளை மடியில் வைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் அமுக்குவதும் எடுப்பதுமாக, ஒன்று, இன்னொன்று, தொண்டைக்குள்ளிருந்து பெரிதாக ஒன்று. மாமியார் காலால் உதைத்தாள். டாக்டரம்மாவின் சட்டை முழுக்க எச்சம்.

"இந்தக் கண்ணு போயிடுச்சும்மா. அந்தக் கண்ணும் சந்தேகந்தான்."

சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கழுத்தை நிமிர்த்தினாள். ஒரு தும்மல். ஒரு உதறல். பிறகு ஏரிக்கரையே அதிரும்படி அந்தப் பழைய குரல், கரகரப்போடு, அதட்டலாக: "க்வாக்! க்வாக், க்வாக், க்வாக்!"

கோரைக்குள் எங்கோ ஈனமாக ஒரு பதில் வந்தது.

அவள் மாமியாரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாமியார் விடாமல் கத்தினாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கோபத்தில் கத்தினாள். கோரை அசைந்தது. ஒன்று தலையை நீட்டியது. திசை தப்பி, முட்டி மோதி, குரல் வந்த பக்கம் நீந்தி வந்து அவள் முழங்காலில் இடித்து நின்றது. நெட்டையன் அதை அள்ளினான். இன்னொன்று. பிறகு இன்னொன்று. சில பதில் தரவில்லை. அவற்றை அவன் புதருக்குள் தேடி எடுத்துவந்து தனியாகக் கரையில் வரிசையாக வைத்தான். வைக்கும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை.

ரிசல்ட் வரக் காத்திருந்த நாட்கள் மோசமானவை. கொட்டகை பூட்டியே கிடந்தது. விற்காத முட்டையை வேகவைத்து, பொரித்து, மறுபடி வேகவைத்துத் தின்றார்கள். "இன்னும் ரெண்டு நாள் போனா நானே முட்டை போடுவேன்," என்றாள் நாத்தனார். யாரும் சிரிக்கவில்லை. காலையும் மாலையும் ஒவ்வொரு வாத்தாக உப்புத் தண்ணீர். மருமகளின் விரல் இடுக்குகள் உப்பில் வெடித்துப் போயின. தும்மல் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் யாராவது ஒரு வாத்து தலையை உதறினால் போதும், மூன்று பேரும் செய்வதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நெட்டையன் அவளோடு பேசவில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. அவள் போய்ப் பார்த்தாள்.

"என்ன இது?"

"பாத்தா தெரியல?"

"இன்னும் ரிசல்டே வரல. யாரு உன்ன வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல." வெட்டிக்கொண்டேதான் பேசினான். "வந்துச்சுன்னா, வேத்து ஆள் கை பட வேணாம். நானே வெட்டுறேன், நானே போடுறேன். எங்கப்பா உக்காந்து வேடிக்க பாத்தாரு. என்னால ஆவாது."

மறுநாளும் வெட்டினான். அதற்கு மறுநாளும். மண் குவியல் கொட்டகைக் கூரை உயரத்துக்கு வந்தது. அந்தச் சத்தத்தோடேயே அவர்கள் சாப்பிட்டார்கள், முட்டை பொறுக்கினார்கள், படுத்தார்கள். மாமியார் கொட்டகைக்குள் சுவரில் இடித்து இடித்துப் பாதை பழகிக்கொண்டிருந்தாள். ஒரு கண் முழுக்க வெளுத்துவிட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்ததோ என்னவோ, கதவு திறந்தால் அந்தப் பக்கம் திரும்பினாள்.

போன் வந்தபோது நாத்தனார்தான் எடுத்தாள். "ம்," என்றாள். "ம், ம்." அவள் வாழ்நாளில் அவ்வளவு குறைவாகப் பேசினதில்லை. "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, என்ன?"

"ஜுரம் இல்லியாம்."

"நெஜமாவா?"

"இல்லியாம், இல்லியாம். ஆனா மழை வந்து தண்ணி புதுசாவற வரைக்கும் ஏரியில எறக்கக்கூடாதாம். கெணத்துத் தண்ணிதான் விடணுமாம். அய்யோ, என் வயிறு..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. உள்ளேயிருந்தே திட்டினாள்: "அங்க என்ன பண்ணிட்டிருக்கான் அந்தக் கழுதை, போய்ச் சொல்லும்மா!"

அவள் கொட்டகைக்குப் பின்னால் போனாள். குழிக்குள் அவன் தலை மட்டும் தெரிந்தது. மண்வெட்டி ஓங்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜுரம் இல்லியாம்," என்றாள்.

மண்வெட்டி நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்வெட்டிக் காம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். முதுகில் வேர்வையும் மண்ணும் கோடாக இறங்கியிருந்தன.

"ஏரிக்குப் போவக்கூடாதாம்," என்றாள். "கெணத்துத் தண்ணிய எதுல விடறது அதுங்களுக்கு?"

அவன் குழியைச் சுற்றிப் பார்த்தான். தான் எங்கே நிற்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தவன்போல.

"ரொம்ப ஆழமா வெட்டிட்டேன்."

"பாதி மண்ண தள்ளு. அடியில களிமண்ண மிதிச்சு விட்டா தண்ணி நிக்கும்."

"நிக்கும்," என்றான். தள்ள ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மாமியாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து குவியலின்மேல் நின்றாள். அழுத மூக்கு சிவந்திருந்தது.

"சுவரு மாதிரி நட்டமா வெட்டி வச்சிருக்கியேடா, இதுல எறங்கினா எப்படி ஏறும்?"

"இது ஏறறதுக்கு வெட்டினதில்லக்கா."

மாமியார் வெளுத்த கண்ணைக் குழிப்பக்கம் திருப்பி, மண்ணின் ஈர வாடையை மோந்து, ஒரு முறை அதட்டினாள். நெட்டையன் அண்ணாந்து பார்த்தான். பிறகு மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, குழியின் ஒரு பக்கத்துச் சுவரைச் சாய்வாக வெட்டத் தொடங்கினான். கண் தெரியாத வாத்து ஒன்று, யாரும் தூக்கிவிடாமல், தானாக நடந்து இறங்கவும் ஏறவும் ஏற்ற அளவுக்கு.